கூடுதலாகப் போன வருமான வரியை மீளப் பெறுவதும் அந்தப் பணத்தைப் பயன்படுத்துவதும்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கான வழிகாட்டி

வருமான வரி என்றதும் நம்மவர்களில் பெரும்பாலானோர் கட்ட வேண்டிய தொகையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். திரும்பி வர வேண்டிய தொகையும் இருக்கக்கூடும் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. சம்பளத்திலும் வைப்பு வட்டியிலும் மூலத்திலேயே வரி பிடிக்கப்படுகின்றது. பிடிப்பவருக்கு உங்கள் முழு ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது தெரியாது. ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போது பிடித்தது கூடுதல் என்று தெரிந்தால், அந்தக் கூடுதலை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்காதவருக்கு அது தானாக வந்து சேராது.

இங்கே தரப்படும் தொகைகளும் வீதங்களும் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான 2025/2026 மதிப்பாண்டுக்குரியவை. அந்த ஆண்டில் ஒருவருக்கான தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட வருமானத்தின் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதமும், அதன்பின் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 24, 30 வீதங்களும், மிகுதிக்கு 36 வீதமும் வரி. வைப்பு வட்டியில் மூலத்தில் பிடிக்கப்படுவது 10 வீதம்.

யாருக்குப் பணம் திரும்பி வரும்?

முதலாவதாக, ஓய்வு பெற்றவர்கள். களுவாஞ்சிகுடியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை தமக்குக் கிடைத்த பணிக்கொடையுடன் சேமிப்பையும் சேர்த்து 30 இலட்சம் ரூபாயை 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டு மாதா மாதம் வட்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வங்கிப் புத்தகத்தில் மாதம் 20,000 ரூபாய் வட்டி வரவாகவும், அதற்கு அடுத்த வரியிலேயே 2,000 ரூபாய் கழிவாகவும் பதியப்பட்டிருக்கும். ஆண்டு முழுவதற்கும் பிடிபட்டது 24,000 ரூபாய். அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆகவே வரிக்கணக்கில் வரும் அவருடைய வருமானம் 2,40,000 ரூபாய் வட்டி மட்டுமே. அது 18 இலட்சத்துக்கு எவ்வளவோ கீழே இருப்பதால் பிடிபட்ட 24,000 ரூபாயும் அவருக்கே உரியது. கல்லடியில் உள்ள தமது வீட்டின் மேல்மாடியை மாதம் 40,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருந்தாலும் முடிவு மாறாது. ஆண்டு வாடகை 4,80,000 ரூபாயில் 25 வீதம் நிவாரணமாகக் கழிய எஞ்சும் 3,60,000 ரூபாயை வட்டியுடன் கூட்டினாலும் மொத்தம் 6 இலட்சம்தான். ஆனால் வாடகையைக் காட்டாமல் வட்டியை மாத்திரம் காட்டி மீளளிப்புக் கேட்பது தவறு. வரி வராத அளவிலான வருமானமாக இருந்தாலும் அது விபரத்திரட்டில், அதாவது ஆண்டு வருமானத்தைக் காட்டித் திணைக்களத்துக்கு அனுப்பும் படிவத்தில், இருக்க வேண்டும். வட்டியில்லா வங்கி முறையில் வைப்பிட்டு இலாபப் பங்கு பெறுவோருக்கும் இதே முறையில்தான் வரி பிடிக்கப்படுகிறது. எனவே மீளக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு அதேபோல் உண்டு.

இரண்டாவதாக, ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் உழைப்பவர்கள். நம் கரையோரத்தில் இது சாதாரணமாக நடப்பது. அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் உல்லாசப் பயணிகளின் பருவம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பர் வரை செல்கிறது. அந்த ஆறு மாதமும் மாதம் 2,50,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்து, பின்னர் மார்ச் வரை வேறு வருமானம் இல்லாதிருந்த ஒரு முகாமையாளரை எடுத்துக்கொள்வோம். சம்பளத்தில் வரி பிடிக்கும் அட்டவணை ஒவ்வொரு மாதத்துக்கும் 1,50,000 ரூபாயை மட்டுமே நிவாரணமாகக் கழிக்கிறது. ஆகவே அவரிடமிருந்து மாதம் 8,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்தில் 48,000 ரூபாய் பிடிபட்டிருக்கும். ஆனால் அவருடைய ஆண்டு வருமானம் 15 இலட்சம். நிவாரணமோ 18 இலட்சம். அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றும் இல்லை. வேலையை இடையில் விட்டவர்கள், ஆண்டின் பிற்பகுதியில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்றவர்கள் ஆகியோரின் நிலையும் இதுவே.

மூன்றாவதாக, கூரையில் சூரியப் படலம் பொருத்தி அதைத் தேசிய மின்வலையுடன் இணைத்தவர்கள். இதற்காகச் செலவிட்ட தொகையில், அல்லது இதற்கென வங்கியில் எடுத்த கடனுக்குத் திருப்பிச் செலுத்திய தொகையில், ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் 2,50,000 ரூபாய் சம்பளம் பெற்ற ஒருவரிடம் 96,000 ரூபாய் வரி பிடிபட்டிருக்கும். அவர் 6 இலட்சத்தை முழுமையாகக் கழிக்கத் தகுதி பெற்றிருந்தால் வரிக்குட்படும் தொகை 12 இலட்சத்திலிருந்து 6 இலட்சமாகக் குறைந்து, வரி 36,000 ரூபாயாகிவிடும். மீதி 60,000 ரூபாய் அவருக்குத் திரும்ப வேண்டியது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் மாவட்டங்களில் படலம் பொருத்திய அரச ஊழியர்கள் பலர் மின்கட்டணம் குறைந்ததோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். இந்தக் கழிவைக் கேட்பவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு இடங்களில் சம்பளம் பெறுவோர், உதாரணமாக வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகக் கற்பித்துக்கொண்டு வேறோர் நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரை செய்பவர்கள், இரண்டாவது சம்பளத்தில் பிடிபட்ட வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆனால் இவர்களுக்குத் திரும்பி வருவதும் உண்டு, மேலதிகமாகக் கட்ட நேர்வதும் உண்டு. முதலில் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது ரின் இலக்கம், இல்லாமல் எதுவும் நகராது. இல்லாதவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம். இணையத்தில் சிரமப்படுபவர்கள் மட்டக்களப்பில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்குச் செல்லலாம். 1944 என்ற அழைப்பு இலக்கத்திலும் திணைக்களத்திடம் விளக்கம் கேட்கலாம்.

அடுத்ததாக வரி பிடிபட்டதற்கான சான்று. சம்பளத்துக்கு வேலை கொள்பவர் தரும் ரி.10 சான்றிதழ், வட்டிக்கு ஒவ்வொரு வங்கியும் தரும் வரிக்கழிவுச் சான்றிதழ். மக்கள் வங்கியில் ஒன்று, இலங்கை வங்கியில் ஒன்று, தனியார் வங்கியில் ஒன்று என்று மூன்று வைப்புகள் இருந்தால் மூன்று சான்றிதழ்கள் வேண்டும். பருவகால வேலை பார்த்தவர்கள் வேலையை விட்டுப் போகும் முன்பே ரி.10 சான்றிதழை எப்போது, எவரிடம் பெறுவது என்று கேட்டு வைப்பது நல்லது. பருவம் முடிந்து ஹோட்டல் பூட்டப்பட்ட பின்னர் கணக்காளரைத் தேடி அலைவது வீண் வேலை. சான்றிதழ் கைக்கு வந்ததும் உங்கள் ரின் இலக்கம் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வங்கி உங்கள் ரின் இலக்கத்தைப் பதிந்துகொள்ளாமல் வரியை அனுப்பியிருந்தால், அந்தத் தொகை உங்கள் பெயரில் வரவாகத் தெரியாமல் போகக்கூடும்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது நமக்குப் புதிதல்ல. ஓரிடத்தில் ‘எச்’ சேர்ந்திருக்கும், இன்னோரிடத்தில் இராது. ஓரிடத்தில் தந்தையின் முழுப்பெயர், இன்னோரிடத்தில் வெறும் முதலெழுத்து. மீளளிப்புப் பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கின் பெயர், ரின் பதிவில் உள்ள பெயருடன் பொருந்தாவிட்டால் தாமதம் ஏற்படலாம். விண்ணப்பிக்கும் முன்னர் வங்கிக் கிளைக்குச் சென்று பெயரைத் திருத்திக்கொள்வது, பின்னர் விளக்கக் கடிதம் எழுதுவதைக் காட்டிலும் இலகுவானது.

விபரத்திரட்டை நிரப்புதல்

மீளளிப்புக் கேட்பதற்கு அடிப்படை ஆவணம் வருமான வரி விபரத்திரட்டுத்தான். 2025/2026 மதிப்பாண்டுக்கான விபரத்திரட்டை 2026 நவம்பர் 30 ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். திணைக்களத்தின் ரமிஸ் எனப்படும் இணையச் சேவையில் ரின் இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழைந்து, ஊழிய வருமானம், முதலீட்டு வருமானம், வியாபார வருமானம் என்று பிரிக்கப்பட்ட இடங்களில் தொகைகளைப் பதிய வேண்டும். வட்டியைப் பதியும்போது கையில் கிடைத்த 18,000 ரூபாயை அல்ல, வரி பிடிக்கும் முன்னிருந்த 20,000 ரூபாயையே பதிய வேண்டும். பிடிபட்ட 2,000 ரூபாய்க்கு வேறிடம் உண்டு. இந்த இரண்டும் மாறிப்போனால் கேட்கும் மீளளிப்பும் சான்றிதழும் ஒத்துவராது.

சொத்துகளும் பொறுப்புகளும் பற்றிய கூற்றைக் கண்டதும் பலர் அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். காணி, வீடு, வாகனம், வைப்பு, நகை, கடன் ஆகியவற்றைக் கேட்கும் பகுதி அது. நியாயமாக வாங்கிய சொத்தை எழுதுவதில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளையின் பெயரில் சீதனமாக எழுதப்படுகிறது. இலங்கையில் கணவனுக்கும் மனைவிக்கும் வரி தனித்தனியாகவே கணிக்கப்படுகிறது. ஆகவே உறுதி மனைவியின் பெயரில் இருக்கும் வீட்டைக் கணவன் தன் சொத்தாக எழுதக்கூடாது. அந்த வீட்டின் வாடகையும் மனைவியின் வருமானமே. “எல்லாம் ஒன்றுதானே” என்று கணவனின் விபரத்திரட்டில் சேர்த்துவிட்டால், இல்லாத வருமானத்துக்கு வரி வந்து, கிடைக்க வேண்டிய மீளளிப்பும் சுருங்கிவிடும். கூட்டுக் கணக்கு வட்டியில் அவரவர் பங்கை மட்டும் எழுத வேண்டும். இந்த ஆண்டு எழுதும் சொத்துப் பட்டியலின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் இதனுடன் ஒத்துப்போக வேண்டும்.

எல்லாம் பதிந்து முடிந்ததும் செலுத்திய வரி கட்ட வேண்டிய வரியை விடக் கூடுதலாகத் தெரிந்தால், அதனை மீளளிப்பாகக் கோருவதாகக் குறிப்பிட்டு வங்கிக் கணக்கு விபரத்தைக் கொடுக்க வேண்டும். கணக்கு இலக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

கொமினிகேஷன் கடையில் இருந்து விபரத்திரட்டு அனுப்புபவர்கள் நம்மில் ஏராளம். அதில் தவறில்லை, ஆனால் கடவுச்சொல்லைக் கடைக்காரரின் கொப்பியில் எழுதி விட்டு வருவதும், கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்வதும் ஆபத்தானவை. பின்னர் திணைக்களம் அனுப்பும் அறிவித்தல்கள் கடைக்காரருக்குத்தான் போகும். உங்கள் வருமானமும் சொத்தும் வங்கிக் கணக்கும் ஒரே இடத்தில் உள்ள ஆவணம் அது என்பதை மறக்க வேண்டாம். வந்த தொகையில் இத்தனை வீதம் தர வேண்டும் என்று கேட்கும் இடைத்தரகர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மேலே சொன்ன ஆசிரியையின் கணக்கைப் போன்ற எளிய கணக்குக்குத் தரகர் தேவையே இல்லை. வியாபார வருமானமும் சேர்ந்திருந்தால் தகுதியான கணக்காளர் ஒருவரை நாடுவது வேறு விடயம்.

அனுப்பிய பிறகு

சமர்ப்பித்ததற்கான ஒப்புகையை அச்சிட்டு, சான்றிதழ்களின் பிரதிகளுடன் ஒரு கோப்பில் இடுங்கள். ஐந்து ஆண்டுகளாவது அவற்றை வைத்திருப்பது நல்லது. மீளளிப்பை அனுமதிக்கும் முன்னர் திணைக்களம் மூல ஆவணங்களைக் கேட்கலாம். கேட்டால் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். உங்கள் பெயரில் வேறு வரி நிலுவை இருந்தால், மீளளிப்பு முதலில் அதற்கு ஈடுசெய்யப்படும்.

“உங்கள் வரிப்பணம் தயாராக உள்ளது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை நம்ப வேண்டாம். வங்கியின் ஒருமுறைக் கடவு எண்ணையோ அட்டையின் பின்புற எண்ணையோ கொடுத்துத்தான் வரிப்பணம் பெற வேண்டும் என்ற நிலை எதுவும் இல்லை. சந்தேகம் வந்தால் 1944 க்கு நீங்களே அழையுங்கள்.

வந்த பணத்தை என்ன செய்வது?

பணம் வரும் திகதியை முன்கூட்டி நம்பி எந்தச் செலவையும் நிச்சயிக்க வேண்டாம். விளைவிக்கும் குடும்பங்களுக்கு இது முக்கியம். பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடக்கிறது. விபரத்திரட்டை நவம்பர் கடைசியில் அனுப்பிவிட்டு, விதைநெல்லுக்கும் உரத்துக்கும் அந்தப் பணம் வரும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். சான்றிதழ்கள் கிடைத்தவுடன் அனுப்பினால் அந்த ஆண்டே உதவுவதற்கு வாய்ப்புண்டு. ஆனாலும் வேறு ஏற்பாடு ஒன்றை வைத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

வந்த பின்னர், முதலில் பார்க்க வேண்டியது கடனை. கடனட்டை நிலுவைக்கு 24 வீத வட்டி போகிறது என்று கொள்வோம். அறுகம்பை முகாமையாளருக்குக் கிடைத்த 48,000 ரூபாயை அதில் கட்டினால் ஓர் ஆண்டில் 11,520 ரூபாய் வட்டி மிச்சமாகும். அதே பணத்தை 8 வீத வைப்பில் இட்டால் வருவது 3,840 ரூபாய்; அதிலும் 384 ரூபாய் மறுபடியும் வரியாகப் பிடிபடும். வீட்டில் கூடிய வட்டிக் கடன் இருக்கும்போது வைப்பில் பணம் இருப்பது மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாம், கணக்குக்குச் சரிவராது.

நுண்கடனில் மட்டும் சற்று நிதானம் தேவை. சில நிறுவனங்கள் முழுக் காலத்துக்குமான வட்டியை ஆரம்பத்திலேயே முதலுடன் கூட்டித் தவணையாகப் பிரித்துவிடுகின்றன. அப்படியான கடனை முன்கூட்டியே அடைத்தாலும், மீதிக் காலத்தின் வட்டியைத் தள்ளுபடி செய்யாவிட்டால் இலாபமில்லை. “இன்று முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேட்டு அதை எழுத்தில் வாங்குங்கள், அந்தத் தொகை மீதித் தவணைகளின் கூட்டுத்தொகையை விடக் குறையவில்லையென்றால் அந்தக் கடனை அப்படியே விட்டு வேறு கடனைக் கவனிக்கலாம்.

அடகு நகையைப் பொறுத்தவரை, முழுதாக மீட்கப் பணம் போதாவிட்டாலும் முதலில் ஒரு பகுதியைக் கட்டிக் குறைக்கலாம். பல உருப்படிகளை வெவ்வேறு சீட்டில் வைத்திருந்தால் சிறிய சீட்டொன்றை முழுமையாக மீட்டுவிடலாம். தவணை தாண்டி ஏல அறிவித்தல் வந்த நகை இருந்தால் வேறெதையும் யோசிக்காமல் அதையே முதலில் பாருங்கள். தங்கத்தின் விலை ஏறியிருக்கிறது என்பதற்காக, மீட்ட நகையை அதே நாளில் கூடிய தொகைக்குத் திரும்ப அடகு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடன் இல்லாதவர்கள் மழைக்காலத்தை நினைக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை நம் ஊர்களை எப்படி ஆட்டும் என்பதை, 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களுக்கும் அண்மைய வெள்ளங்களைக் கண்டவர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படுவான்கரையில் பாதை தடைப்பட்டால் கிளைக்கும் ஏ.ரி.எம். இயந்திரத்துக்கும் போக முடியாது. ஒரு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைச் சாதாரண சேமிப்புக் கணக்கில், உடனே எடுக்கக்கூடியதாக வைத்து, அதில் சில நாள் செலவை மட்டும் மழை தொடங்கும் முன் கைக்காசாக எடுத்து வைப்பது போதுமானது. நிலையான வைப்பில் பூட்டிவிட்டு வெள்ளத்தின்போது உடைப்பதால் வட்டியை இழக்க நேரும்.

இவையெல்லாம் முடிந்து மிஞ்சினால் பிள்ளையின் படிப்போ, கூரை ஓடு மாற்றுவதோ, கோயில் திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ உடுப்பு எடுப்பதோ உங்கள் விருப்பம். வந்தது உங்கள் சொந்த உழைப்பின் பணம். அதில் ஒரு பங்கை மகிழ்ச்சிக்குச் செலவிடுவதற்கு யாரும் கணக்குக் கேட்கத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு பிடிபடாமல் இருக்க

மீளளிப்பு என்பது வட்டியில்லாமல் பல மாதம் வெளியே நின்ற உங்கள் பணம். அது வெளியே போகாமலே தடுக்க முடியுமானால் அதுவே மேலானது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், ரின் இலக்கத்துடன் சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் வைப்பு வட்டியில் வரி பிடிக்கப்படாது. இதனை ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்; புதிய மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால், மாதாந்த வட்டி எடுப்பவர்கள் முதல் மாத வட்டி வரவாகும் முன்னரே படிவத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வைக்க வேண்டும். பொய்யான பிரகடனம் தண்டனைக்குரியது என்பதால், வாடகை, வியாபாரம், வேறு வங்கிகளின் வட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். சம்பளத்திலிருந்து பிடிபடுவோருக்கு இந்த வழி இல்லை. பருவகாலத்தில் உழைப்பவர்கள் ஆண்டுதோறும் ரி.10 சான்றிதழை வாங்கி விபரத்திரட்டைச் சமர்ப்பித்தே பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.